நன்மை செய்யும் கிருமிகள்

கிருமி என்றதும் கை கழுவ ஓடும் நாமே, இன்று கிருமிகளைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகின்றோம். புரோபயோட்டிக் எனப்படும் அத்தகைய குளிசைப் புட்டி ஒன்றை, உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் அண்மையில் எம்மிடம் கொணர்ந்தான். வயிற்றுவலி, ஊதல், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றோட்டம் என ஓராண்டாக அவதியுறுபவன். பரீட்சை நெருங்கின் வேதனை இரட்டிக்கும். சோதனைகளிற் குறையேதும் தென்படாமையால், எரிச்சற் குடல் நோய் என வைத்தியர் கூறியிருந்தார். “இது சுகப்படுத்துமா, சேர்?” என்பதே அவன் வினா.

1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ருஷிய அறிஞர் மெச்னிக்கோவ், தயிர்ப் பற்றீரியாக்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என நம்பிப் புளித்த பாலை நாள்தோறும் அருந்தினார். நம்பிக்கை போதுமா? பிரித்தானியாவில் 362 பெண்களிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வொன்றைப் பார்ப்போம். எரிச்சற் குடலால் வருந்திய அவர்களுட் சிலருக்கு மருந்தில்லா வெறுங்குளிசையும், ஏனையோருக்கு ஒரேவகைப் பிபிடோபற்றீரியா மூன்று வெவ்வேறு அளவுகளிலும் கொடுக்கப்பட்டன. பத்துக் கோடி உயிர்கள் கொண்ட குளிசை நான்கு வாரத்தில் வெறுங்குளிசையை வென்றது. ஆயிரங் கோடி கொண்டதோ தோற்றது! அக்குளிசை ஈரம்பட்டதும் பசைபோல் இறுகி, உள்ளிருந்தவற்றை வெளிவிடவில்லையாம். புட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இதனை நினைக்க.

மேலும், ஓரினம் பெற்ற வெற்றியை மற்றோரினத்தின்மேல் ஏற்றுதல் தவறு. வீட்டுத் தயிர் நல்ல உணவே. ஆய்வில் அளந்து கொடுத்த மருந்து அன்று.

அறிஞர்தாமும் ஒருமித்திலர். ஆய்வுகளுக்குப் புறம்பே இந்நோய்க்கு இவற்றைப் பயன்படுத்தற்க என்னும் கருத்தை அமெரிக்க இரைப்பை குடலியற் சங்கம் 2020இல் வெளியிட்டது. விரும்புவோர் 12 வாரம்வரை முயன்று, குணங் காணாவிடின் நிறுத்தலாம் எனப் பிரித்தானியச் சங்கம் 2021இற் கூறியது. எமக்குப் பின்னதே ஏற்புடையதாகப் படுகின்றது. எதிர்ப்புச்சக்தி குன்றிய நோயாளர் மட்டும் வைத்தியரைக் கேளாது தொடலாகாது.

மலத்துடன் இரத்தம், காரணமின்றி மெலிதல், உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், இரத்தச்சோகை ஆகியன உண்டா என மாணாக்கனை வினவினோம். உண்டெனின் குளிசையை விடுத்து உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். இல்லையென்றான். வைத்தியருக்கு அறிவித்து, ஒரேவகைக் குளிசையையே உண்டு, வலியையும் மலப்போக்கையும் திகதியிட்டுக் கொப்பியில் எழுதிவரச் சொன்னோம். ஐந்து வாரம் எழுதிவிட்டான். ஒவ்வொரு புட்டியின் விலையையும் அதே கொப்பியில் அவன் தாயார் குறித்து வருகின்றாராம்.