ஆள்பவரை ஆராய்வதா, அரசை ஆராய்வதா?

1981 மே மாதம் சோஷலிஸ்ட் தலைவர் பிரான்சுவா மித்தரான் பிரான்ஸின் அதிபரானார். அடுத்த மாதம் கம்யூனிஸ்டுகள் நால்வர் அமைச்சரானார்கள். குறைந்தபட்ச ஊதியம் 10 சதவீதம் உயர்ந்தது. 1982 தொடக்கத்தில் வங்கிகளும் பெரிய தொழில் குழுமங்களும் நாட்டுடைமையாயின. 1983 மார்ச்சில் அதே அரசு சிக்கனப் பாதைக்குத் திரும்பிவிட்டது. அதற்குள் பிராங்கின் மதிப்பு மூன்று முறை குறைக்கப்பட்டிருந்தது. அதிபரும் அவரே, கட்சியும் அதே. அப்படியானால் திருப்பியது யார்?

முதலாளித்துவ அரசை எப்படி ஆராய்வது என்று 1969இல் லண்டனின் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழில் தொடங்கிய சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை. ரால்ஃப் மிலிபாண்ட், நீதிபதிகளும் அதிகாரிகளும் தளபதிகளும் எந்தக் குடும்பத்தில் பிறந்தார்கள், எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று தேடித் தொகுத்தவர். பாரிஸில் வாழ்ந்த கிரேக்கரான நிக்கோஸ் புலான்ட்ஸாஸ் இந்த முறையையே மறுத்தார். யார் உட்கார்ந்தாலும் அந்த இடம் செய்யும் வேலை ஒன்றுதான்; ஆளும் வர்க்கத்தார் நேரடியாக ஆளாதபோதுதான் அரசு அவர்களுக்கு இன்னும் நன்றாக உதவுகிறது என்பது அவர் வாதம். அப்படியென்றால் பாசிச அரசுக்கும் நாடாளுமன்ற அரசுக்கும் வித்தியாசமே இல்லையா என்று மிலிபாண்ட் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

1977இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஃபிரெட் பிளாக் இன்னொரு வழி காட்டினார். முதலாளிகள் கூடிச் சதி செய்யத் தேவையில்லை. அவரவர் லாபக் கணக்கைப் பார்த்து முதலீட்டை நிறுத்தினாலே வேலை போகும், வரி வருவாய் சுருங்கும், அரசு தானாக இறங்கிவரும். போரிலும் பெருமந்தத்திலும் இந்த மிரட்டலின் பலம் குறைகிறது. அரசு துணிந்து சீர்திருத்தம் செய்வதும் பெரும்பாலும் அப்போதுதான்.

பிரான்ஸின் 1983 இந்த விளக்கத்தில் அப்படியே பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் அந்த மார்ச் மாதம் மித்தரானைச் சுற்றி இரண்டு அணிகள் இருந்தன. பிராங்கின் மதிப்பை மற்ற ஐரோப்பிய நாணயங்களோடு பிணைத்திருந்த ஐரோப்பிய நாணய ஏற்பாட்டிலிருந்து வெளியேறலாம் என்றது ஒன்று. நிதியமைச்சர் ஜாக் தெலோர் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார். மித்தரான் பல நாள் ஊசலாடிய பிறகுதான் தெலோர் பக்கம் சாய்ந்தார். அந்த நாட்களில் யார் அவர் காதருகே இருந்தார்கள், என்ன கணக்குக் காட்டினார்கள் என்று தேடப் போனால், புலான்ட்ஸாஸ் தள்ளிவைத்த அதே ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நாணயச் சந்தை கதவை நெருக்கியது உண்மை. எந்தக் கதவு என்பதை அது முடிவு செய்யவில்லை.