உலகமயம் சாதியைக் கரைத்துவிடுமா?

நாமக்கல் பண்ணை முட்டை வளைகுடா நாடுகளில் விற்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. வெளியுலகச் சந்தையோடு இத்தனை நெருக்கமான வட்டாரத்தில் சாதி ஏன் இன்னும் தளரவில்லை?

உலகமயத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பார்வைகள் உள்ளன. 1991-க்குப் பிந்தைய சந்தை தலித்துகளைப் பண்ணையாரின் பிடியிலிருந்து விடுவித்தது என்பார் சந்திரபான் பிரசாத். உலகமயம் என்பது சுரண்டலின் புதுப் பெயர், பொதுத்துறை போனால் இடஒதுக்கீடும் போகும் என்பார்கள் இடதுசாரித் தோழர்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஊரைவிட்டு வெளியேறிக் கூலி வாங்கியவர்கள் நிமிர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு 2019-இல் முயன்றபோது, அங்குள்ள இடஒதுக்கீடும் சேர்த்தே விலைபேசப்பட்டது. ஆனால் முதல் பார்வை, சாதி ஒழிப்பைச் சந்தையிடம் ஒப்படைக்கிறது. இரண்டாவது பார்வை எதிரியை வெளியில் மட்டுமே தேடுகிறது. 1991-க்கு முன்பே இங்கே ஊரும் சேரியும் தனித்தனியாகத்தானே இருந்தன?

ஓமலூர் கோகுல்ராஜை நினைத்துப் பாருங்கள். பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞர். புதிய பொருளாதாரம் கேட்ட தகுதி அவரிடம் இருந்தது. ஆதிக்கச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக, 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டார். உலகத்தை இணைப்பதாகச் சொன்ன தொழில்நுட்பம் சாதிக்கு ஒலிபெருக்கியானது.

அதே தொழில்நுட்பம் மறுபக்கமும் நின்றது. கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு முக்கியச் சான்றானது. ஆனால் கேமரா தானாக நீதிமன்றத்துக்கு நடந்து வரவில்லை. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் பின்வாங்காத தாயும், வழக்கறிஞர் ப.பா. மோகனும், துணைநின்ற இயக்கங்களும் சேர்ந்துதான் 2022-இல் ஆயுள் தண்டனையைப் பெற்றுத் தந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். புலம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளோடு சாதியும் அமெரிக்கா போனது. அங்கே அம்பேத்கரியர்கள் போராடியதால் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் இதற்கான மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு முடிவுகள்.

எனவே உலகமயம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. அதை யார் கையாள்கிறார்கள் என்பதே கேள்வி. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். ஆணவக் கொலைக்கு எதிரான தனிச்சட்டம் வேண்டும். அரசின் ஏற்றுமதிச் சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும், எந்தச் சமூகத்தவர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று வெளியிட வேண்டும்.

முட்டையில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று வாங்கும் நாடு சோதிக்கிறது. பண்ணையில் கோழி எருவை அள்ளுவது யார், கல்லாவில் உட்காருவது யார் என்று எவரும் சோதிப்பதில்லை. அந்தச் சோதனையை நாம்தான் தொடங்க வேண்டும்.