ஏட்டில் இருந்த பணம்

நாயுடுபேட்டைப் பக்கம் ஆலைகள் பெருகப் பெருக, நம் மாணவரிடையேயும் பங்கு வாங்கும் பேச்சு பெருகிவிட்டது. வளரும் நாட்டுக் கம்பெனிகளில் முதல் போடுவோருக்கு நாணய வீழ்ச்சியும் ஆட்சி மாற்றமும் ஆபத்து என்பர் பொருளியலார். மெய்தான். எனினும் அவற்றினும் பெரிது, சொன்ன கணக்கைச் சரிபார்க்க இயலாமை என்பேன்.

ஐதராபாத்தின் சத்யம் கம்பெனியை எண்ணிப் பாருங்கள். நியூயார்க் சந்தையிலும் அதன் பங்குகள் விலைபோயின. 2009 சனவரி 7-ஆம் நாள் தலைவர் இராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியாயிற்று. ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லையாம்! முன்னாள் 179 ரூபாய்க்கு விற்ற பங்கு அன்று மாலை 40 ரூபாய்.

நண்பர்களே, சோதனைச் சாலையில் ஒரு சிட்டிகை உப்பையும் இருமுறை நிறுத்துப் பார்க்கிறோம். வங்கி இருப்பை அறிய நுண்கருவியா வேண்டும்? வங்கியை நேரே கேட்டால் போதுமே! தணிக்கையாளரோ அந்த வேலையைக் கம்பெனியாரிடமே விட்டுவிட்டனர் என்று 2011-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கண்டது. பாலுக்குப் பூனை காவல்!

அமெரிக்காவிலும் 2001-இல் என்ரான் கவிழவில்லையா என்பீர்கள். கவிழ்ந்தது. ஆனால் அங்கே வழக்காட வழி இருந்தது. சத்யமே அமெரிக்க முதலீட்டாளர் தொடுத்த கூட்டு வழக்கில் 12.5 கோடி டாலர் தர இசைந்தது. இங்கே பங்குதாரர் கூட்டாக வழக்காடும் சட்டப் பிரிவு 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் நம் ஊர்ச் சிறு பங்குதாரர் விற்ற விலைக்கு விற்றுவிட்டுப் போயிருந்தனர்.