பள்ளிக்குக் கொடுப்போம், கணக்கையும் காட்டுவோம்



பள்ளிக்கூடத்திற்கு என்று நன்கொடை கேட்டு வருவோரை நம் அனந்தபுரம் கடைவீதியில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, குடிநீர்த் தொட்டி என்று எதற்குக் கேட்டாலும் கல்லாவிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துக் கொடுத்து விடுகிறோம். இப்போது பெற்றோர், முன்னாள் மாணவர், வணிகர் எல்லோரும் ஒரு குழுவாகச் சேர்ந்து உதவலாம், அந்தக் குழுவுக்கு ஓர் இணையதளமும் தொடங்கலாம் என்ற யோசனை பேசப்படுகிறது. வரவேற்க வேண்டிய யோசனைதான். ஆனால் அதில் என்னென்ன போடுவது என்று தீர்மானிக்காமல் தளம் அமைப்பவருக்கு முன்பணம் கொடுப்பது, சரக்குப் பிடிக்காமல் பெயர்ப்பலகை மாட்டுவதற்குச் சமம்.

இத்தகைய தளங்களில் பெரும்பாலும் காண்பது என்ன? பொன்னாடை போர்த்தும் படம், பொறுப்பாளர் பட்டியல், வாழ்த்துரை. இவற்றைப் பார்த்து யார் பணம் கொடுப்பார்கள்? கொடுத்தவருக்குத்தான் இதில் என்ன தெரியப் போகிறது?

ஊர் சேர்ந்து பள்ளியை வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958-ல் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டு ஊர்மக்கள் முன் வைத்தார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு என்று அவரவர் சக்திக்கு ஏற்பக் கொடுத்தார்கள். தேவை இன்னது என்று தெளிவாகத் தெரிந்ததால் கொடுக்கக் கைகள் நீண்டன. தமிழக அரசு 19.12.2022 அன்று தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்திலும் இதே முறைதான். உதவ விரும்புவோர் இணையதளத்தில் பள்ளியையும் பணியையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். நாம் தொடங்கும் தளம் இதற்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர, போட்டியாக இருக்கக் கூடாது.

என் கருத்தில், நம் தளத்தில் நான்கு விஷயங்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

முதலாவது, தேவைப் பட்டியல். ‘பள்ளி வளர்ச்சி நிதி’ என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. எந்த வகுப்புக்கு எத்தனை மின்விசிறி, உத்தேச விலை என்ன, இதுவரை வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இருக்க வேண்டும். பட்டியலைத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தர வேண்டும்; நாமாக முடிவு செய்யக் கூடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பிள்ளைகளின் தேவை அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, வரவு செலவு. மாதம் ஒரு முறை ரசீது எண்ணோடு வெளியிட வேண்டும். வருமான வரிச் சலுகை உண்டா என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கே ஆனாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

மூன்றாவது, விலைப்புள்ளிகள். இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்கே கசக்கும். குழுவில் இருக்கும் வணிகரின் கடையிலேயே குழுவின் பணத்தில் சாமான் வாங்கினால், நியாய விலையே ஆனாலும் ஊர் சந்தேகப்படும். மூன்று கடைகளில் விலை கேட்டு, மூன்றையும் தளத்தில் போட்டுவிட்டு வாங்குங்கள். விலை கொடுத்தவர் அந்த முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. செஞ்சி விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டுபோகும் விவசாயிக்கு விலை தெரிய வேண்டும் என்றால், நன்கொடை கொடுப்பவருக்கும் தெரிய வேண்டாமா?

நான்காவது, ஓராண்டு கழித்து அந்தப் பொருளின் நிலை. வாங்கிக் கொடுத்த குடிநீர் இயந்திரம் ஓடுகிறதா, பழுது பார்த்தது யார்? இந்த ஒரு பகுதி இருந்தால் அடுத்த ஆண்டு நன்கொடைக்கு வீடு வீடாக அலைய வேண்டியதில்லை.

போடக் கூடாததும் ஒன்று உண்டு. உதவி பெறும் பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம். சிறுவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் இருக்கட்டும், இலவச நோட்டு வாங்கும் படம் ஊரெல்லாம் சுற்றினால் அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

‘பெயரும் படமும் போடாவிட்டால் யார் கொடுப்பார்கள்?’ என்று கேட்கலாம். கொடுத்தவர் பெயரைத் தாராளமாகப் போடுவோம். ஆயிரம் கொடுத்தவருக்கும் லட்சம் கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்தில் போடுவோம். பெட்டிக்கடைக்காரர் கொடுக்கும் நூறு ரூபாய் அவருக்கு அன்றைய லாபம் முழுவதுமாக இருக்கலாம்.

தினமும் கடை அடைக்கும் முன் கணக்கு முடிப்பவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கும் கொடுப்போம். அடுத்த பொதுக்குழுவில் இந்த நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு, பிறகு தளம் அமைப்பவரைக் கூப்பிடுவோம். நம் கடைகளுக்கு நாளை வரப்போகும் வாடிக்கையாளர்களும், நம் கல்லாவில் உட்காரப்போகும் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.