முரட்டு டயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு

தார், ஜிம்னி, ஸ்கார்பியோ மாதிரி ஒரு வண்டியை வாங்கியவரிடம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுகிறார்கள்: “கம்பெனி டயரைக் கழற்றிப் போடுங்க. மலைக்கும் காட்டுக்கும் போற வண்டிக்கு எம்.டி. டயர்தான் சரி. ஒரு சைஸ் பெருசா, அகலமா போட்டுட்டா வண்டி எங்கேயும் சிக்காது.” டயர் கடையில் சொல்கிறார்கள், ஏற்கெனவே வண்டி வைத்திருக்கும் நண்பர் சொல்கிறார். சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போகும் வீடியோக்களைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. இந்த ஒரு ஆலோசனைக்குள் ஐந்தாறு கூற்றுகள் சேர்ந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை தவறு. இரண்டு மூன்று உயிருக்கே ஆபத்தானவை.

வகைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்.டி. என்பது தார்ச்சாலைக்கான டயர். ஏ.டி. என்பது சாலை, மண், கல் எல்லாவற்றையும் ஓரளவு சமாளிப்பது. எம்.டி. என்பது சேற்றுக்காகவே செய்தது. பெரிய பெரிய கட்டைகள், நடுவே அகலமான பள்ளங்கள், ஓடும்போது ஹூம் என்று ஒரு சத்தம். ஊரில் ‘பட்டன் டயர்’ என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

“கட்டை பெருசா இருந்தால் பிடிமானம் அதிகம்.” இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான நம்பிக்கை. இளகிய மண்ணில் இது உண்மை. கட்டைகள் மண்ணுக்குள் இறங்கி அதைப் பின்னால் தள்ளும், வண்டி முன்னேறும். ஆனால் தார் இளகாது. அங்கே கட்டை இறங்க இடமில்லை. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் எவ்வளவு, அது எப்படிப்பட்ட ரப்பர் என்பதே அங்கே கணக்கு. எம்.டி. டயரின் முகத்தில் கணிசமான பகுதி வெறும் பள்ளம். மிச்சமிருக்கும் கட்டைகள் உயரமானவை. பிரேக்கை அழுத்தும்போது ஒவ்வொரு கட்டையும் அடியில் மடங்கி நெளிகிறது. ஈரச் சாலையின் மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்துப் பிடிப்பதற்கு, ஒரு நல்ல சாலை டயரின் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் இருக்கும். எம்.டி.யில் அவை மிகக் குறைவு. கட்டை பிய்ந்துவிடக் கூடாதே என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ரப்பர் கலவையும் கூர்மையான கல்லில் அறுபடாமல் இருக்க வேண்டும் என்ற நோக்கில் தேர்ந்தெடுக்கப்படுவது. மழை பெய்த தாரில் பிடிக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்த கவலைதான்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வளைவுகளில் இறங்கும்போது வண்டிக்கு அடியில் இருப்பது சேறு இல்லை, ஈரத் தார். எதிரே ஒரு பேருந்து வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு ஏறி வரும். அந்த நேரத்தில் வண்டி எத்தனை அடிக்குள் நிற்கும் என்பதுதான் டயரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எம்.டி. டயர் அங்கே தோற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022இல் விதிகளைத் திருத்தி, டயரின் ஈரப்பிடிமானத்துக்கும் உருளல் தடைக்கும் சத்தத்துக்கும் வரையறை கொண்டுவந்தது. ஐரோப்பாவில் ஈரப்பிடிமானத்துக்கு எழுத்துத் தரமிட்டு லேபிள் ஒட்டும் வழக்கம் அதற்கும் முன்பிருந்தே உண்டு. ஆனால் அங்கே ‘பி.ஓ.ஆர்.’ என்று பக்கச்சுவரில் பொறித்த டயர்களுக்கு அந்த லேபிள் விதி பொருந்தாது. சாலைக்கு வெளியே உழைப்பதற்கான டயர் என்பது அந்த முத்திரையின் பொருள். எம்.டி. டயர்கள் பலவற்றில் அது இருக்கிறது. செய்தவர்களே இது சாலைக்கானது இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது, நாம் அதை மாட்டிக்கொண்டு நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு நூறில் போகிறோம்.

“சேறு என்று வந்துவிட்டால் எம்.டி.தானே?” எந்தச் சேறு என்று கேட்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில், அடியில் கெட்டித் தரை இருக்கும் சேற்றில், எம்.டி. அருமையாக வேலை செய்யும். அதை மறுக்கவில்லை. ஆனால் விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு இறங்கிப் பாருங்கள். கரிசல் களிமண் ஈரமானால் பசை. சக்கரம் சில சுற்றுச் சுற்றுவதற்குள் கட்டைகளுக்கு நடுவிலிருந்த பள்ளம் எல்லாம் நிரம்பி, டயர் வழுவழுவென்று ஒரு கறுப்பு உருளையாகிவிடும். பள்ளத்தில் ஒட்டியதை உதறித் தள்ள வேண்டுமென்றால் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் குழி பறித்துக்கொண்டு அச்சு வரை இறங்கும். அந்த மண்ணில் காய்கிற வரை இறங்காமல் இருப்பதே வழி. கரிசல்காட்டு விவசாயிகளைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்.

அடுத்தது அகலம். “அகலமான டயர் என்றால் மணலில் மிதக்கும்.” இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலிருந்து பர்மாக் காடு வரை போன வில்லிஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16. அதாவது அகலம் ஆறே அங்குலம். இன்றைய ஜிம்னிக்கு 195 மில்லிமீட்டர். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறைப் பாதையில் சுற்றுலாக்காரர்களை நாள்தோறும் ஏற்றிப்போகும் பழைய ஜீப்புகளின் டயரைக் குனிந்து பாருங்கள். நகரத்தில் அழகுக்காக மாட்டிய டயர்களின் அகலம் அதில் இல்லை. அந்த ஓட்டுநர்களை ஏற்றிவிடுவது தாழ்ந்த கியரும் நிதானமும்.

மணலில் மிதக்க வைப்பது அகலத்தைவிடக் காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டயருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி இந்த ஒரு விஷயம் தெரியாததால் போகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். காற்று 33 பி.எஸ்.ஐ. இருந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய 215 சதுர சென்டிமீட்டர். காற்றை 18க்கு இறக்கினால் அது 395ஐ நெருங்குகிறது. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் உண்மையில் சற்றுக் குறையும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். அதே டயர், ஒரு பைசா செலவில்லை, பதியும் பரப்பு இரண்டு மடங்கை நெருங்குகிறது. டயரை அகலமாக்கி இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டுவரவே முடியாது.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வால்வு ஊசியை அழுத்திக் காற்றை விடும்போது பக்கச்சுவர் மெல்லப் பிதுங்கும். பதிவு முன்னும் பின்னும் நீளும், பக்கவாட்டில் அவ்வளவாக விரியாது. அந்த நீளம்தான் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. அதற்கு முன் சக்கரம் தோண்டிக்கொண்டு நின்ற அதே இடத்திலிருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கக்கூட வேண்டியிராமல் வண்டி நகர்ந்து வரும். 15க்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம், அதனால் அதற்கு மேலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இறக்கிய காற்றோடு வேகமாகவும் போகக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது.

தார்ச்சாலைக்கு ஏறியவுடன் திரும்பக் காற்றடிப்பது கட்டாயம். தேங்கிய தண்ணீரின் மேல் டயர் தரையைத் தொடாமல் வழுக்கிப்போகும் வேகத்தை நாசாவின் ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி 33 பி.எஸ்.ஐ.க்கு மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். 20 பி.எஸ்.ஐ.க்கு 75கூட இல்லை. பட்டன் தேய்ந்த டயருக்கு இது அப்படியே பொருந்தும். அகலமான டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம், ஆகவே மழைச் சாலையில் அகலம் உதவுவதைவிடக் கெடுப்பதே கூடுதல்.

“ஒரு சைஸ் பெருசா போட்டால் வண்டி உயரும்.” உயரும், எவ்வளவு என்று பார்ப்போம். தார் வண்டியில் வரும் 255/65 ஆர் 18 டயரின் விட்டம் 789 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்படும் 285/70 ஆர் 17 போட்டால் 831. வித்தியாசம் 42 மில்லிமீட்டர், அதில் பாதிதான் அச்சு உயரும்: 21 மில்லிமீட்டர், ஓர் அங்குலம்கூட இல்லை. அந்த முக்கால் அங்குலத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். மீட்டர் முன்பு 100 காட்டிய வேகத்தில் இப்போது 95தான் காட்டும். கியர் விகிதம் முழுவதும் ஐந்து சதவீதம் மேலே ஏறிவிடுவதால் ஏற்றத்தில் இழுவை குறையும். காட்டுக்குப் போகிறவருக்கு மிகவும் தேவையான தாழ்ந்த கியரே பலவீனப்படுகிறது. பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசும். உரசல் போக வேண்டுமென்று வண்டியைத் தூக்குகிறார்கள், தூக்கிய வண்டி வளைவில் சாய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது இந்தப் பிரிவின் நினைவு வருவதில் பயனில்லை.

“பத்து ப்ளை டயர், வெடிக்கவே வெடிக்காது” என்று ஒரு பேச்சு. அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்று எழுத்து போட்டு வரும் இந்த டயர்கள் இலகுரக லாரிகளுக்காக வந்தவை. பக்கச்சுவர் தடிமன், கல் குத்தினால் தாங்கும், உண்மைதான். ஆனால் பாரத்தைத் தாங்குவது ப்ளை இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. அதே பாரத்துக்கு எல்.டி. டயருக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும். நம் கடைகளில் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள 33ஐயே அதற்கும் அடித்து அனுப்புகிறார்கள். வண்டி நிறைய ஆட்களோடு, சித்திரை வெயிலில், சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரே மூச்சில் ஓட்டினால் காற்றுப் போதாத டயர் உள்ளுக்குள் நெளிந்து நெளிந்து சூடேறும். வெடிக்காது என்று நம்பி வாங்கிய டயர் வெடிப்பதற்கான வழியைத்தான் அங்கே அமைத்துக் கொடுக்கிறோம். சரியான அளவுக்குக் காற்றடித்தாலோ வண்டி கட்டை வண்டியாகக் குலுங்கும். தினமும் கல்குவாரிக்குப் போகிறவருக்கு எல்.டி. வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம்.

“பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தினால் போதும்” என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டம் இருந்தால், ஃபோர் வீலில் ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

கடைசியாக, “ஏ.டி. டயர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை” என்ற ஏளனம். பிஎஃப் குட்ரிச் 1976இல் ரேடியல் ஏ.டி. டயரைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகை எவ்வளவோ முன்னேறிவிட்டது. நல்ல ஏ.டி. டயரில் கட்டைகள் நெருக்கமாக இருக்கும், நுண்கீறல்கள் இருக்கும், பக்கச்சுவரும் ஓரளவு தடிமனாக இருக்கும். நம்மில் பெரும்பாலோரின் ஓட்டம் என்ன? வாரம் முழுக்க நகரச் சாலை, விடுமுறைக்கு நெடுஞ்சாலை, மலைச்சாலை, அதன் முடிவில் சில கிலோமீட்டர் கல்லும் மண்ணும். இதற்குக் கம்பெனி கொடுத்த அளவிலேயே ஒரு ஏ.டி. போதும். மண்பாதைக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் போவீர்கள் என்றால் எச்.டி.யே போதும். எஸ்டேட்டுக்குள் குடியிருப்பவர்கள், மழைக்காலம் முழுவதும் தோட்டத்துச் சேற்றில் போய் வருகிறவர்கள், போட்டிகளில் ஓட்டுபவர்கள் எம்.டி. போடட்டும். அவர்களுக்காகத்தான் அது செய்யப்பட்டது.

கடைக்குப் போகும்போது பக்கச்சுவரில் இரண்டு விஷயங்களைப் படியுங்கள். ஒன்று, அளவுக்குப் பின்னால் வரும் பாரக் குறியீடு: 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைவான எண்ணை ஏற்காதீர்கள். மற்றொன்று, தயாரித்த தேதி: நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம், 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் வருடக்கணக்கில் அடுக்கியிருந்த டயரைப் ‘புது டயர்’ என்று கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். முரட்டு டயருக்கென்று எடுத்து வைத்த பணத்தில் சிறு பங்குக்கு ஒரு நல்ல காற்றழுத்த மானியும் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசரும் கிடைக்கும். டயரைத் தொடுவதற்கு முன்பு அவை இரண்டையும் வாங்கி வண்டியில் போடுங்கள்.