குடும்பப் படத்துக்குப் புறப்படுமுன்

சென்ற தைப்பொங்கலையொட்டி வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் யாவரும் எம் இல்லத்துக்கு வந்திருந்தனர். எண்பத்தாறு வயதான அம்மம்மாவை நடுவில் இருத்திக் குடும்பப் படமொன்று எடுக்க வேண்டுமென்பது எல்லோரதும் ஆவல். பதினான்கு பேரும் இனி எப்போது ஒன்றுகூடுவோமோ? நினைத்த மாத்திரத்தில் வான் ஒன்றைப் பிடித்து ஒரு ஸ்ரூடியோவில் போய் இறங்கினோம். முன்கூட்டி நேரம் குறிக்கவுமில்லை. இத்தனை பேர் வருகிறோம் என்று அறிவிக்கவுமில்லை. இது எமது பிழையே.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே அழைக்கப்பட்டபோது குழந்தைகள் பொறுமையிழந்திருந்தனர். நான்கு வயதுப் பேரன் ஓடியபோது தரையிற் கிடந்த வயரிற் கால் இடறியது. விளக்குத் தாங்கி சரிந்தது. அம்மம்மாவின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் மருமகப்பிள்ளை அதனைத் தாங்கிப் பிடித்தார். பின்னர் படமும் எடுத்தாயிற்று. அதில் பதின்மூவர் கமராவைப் பார்க்கின்றனர்; அம்மம்மா மாத்திரம் அந்த விளக்கைப் பார்த்தபடி இருக்கிறார்.

படப்பிடிப்பு நிலையத்தில் ஆபத்து என்பது புதியதன்று. 1887ஆம் ஆண்டில் ஜேர்மனியரான மீத்தே, கேதிக்கே என்னும் இருவர் மக்னீசியத் தூளுடன் பொற்றாசியம் குளோரேற்று முதலியவற்றைக் கலந்து ஒளித்தூள் ஒன்றை ஆக்கினர். கணப்பொழுதில் வெடித்தெரியும் அத்தூளினால் கையும் முகமும் கருகிய படப்பிடிப்பாளர் பலர். 1929இல் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்ப் விற்பனைக்கு வந்தபின் அந்த அச்சம் படிப்படியாகத் தணிந்தது. இன்றைய மின் பிளாஷ் புகைவதுமில்லை. ஆயினும், உயர்ந்த மெல்லிய தாங்கியின் உச்சியில் கனத்த விளக்கும் அதன்மேல் அகன்ற குடையும் இருப்பதால் சிறு இடறலும் அதனைச் சாய்த்துவிடும். தாங்கியின் அடியில் மணற்பை வைத்தலும், வயர்களைச் சுவரோரமாக இட்டுத் தரையோடு ஒட்டுநாடாவால் ஒட்டுதலும் நல்ல நிலையங்களில் வழக்கம். இவ்விரண்டும் உண்டா என்று கேட்டறிவதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. பின்புறத் திரை தரைமீதும் விரிக்கப்பட்டிருப்பின், சேலை உடுத்தோரும் முதியோரும் அதன்மேற் கைபிடித்தே நடத்தல் வேண்டும். குழந்தையை உயர்ந்த ஆசனத்தில் இருத்தினால், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

இனி, பச்சிளங் குழந்தை தன் இரு கைகளில் மோவாயை ஊன்றித் துயிலும் படங்களைக் கண்டு மயங்கும் இளந் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தலையைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க எடுத்த இரு படங்களை இணைத்து, அவர் கையை அழித்து ஆக்கப்படுவதே அது. வீட்டில் அதனை முயலாதீர்கள்.

உடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெருக்கமான கோடிட்ட துணி படத்தில் அலையலையாகத் தோன்றக்கூடும்; அவ்வளவே.

அதே வாரத்தில் மீண்டும் ஒருமுறை சென்றோம். இம்முறை முதல்நாளே ஒருவர் போய் இடத்தைப் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு நேரம் குறித்து, யார் யார் எங்கே நிற்பது என்று தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முழுக் குடும்பப் படத்தையே முதலில் எடுப்பித்தோம். அம்மம்மாவையும் குழந்தைகளையும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சோடி சோடியாக எடுக்கும் படங்களுக்கு இளையோர் மாத்திரம் தங்கினோம். நாம் வீடு திரும்பியபோது அம்மம்மா தேநீர் அருந்தி முடித்து, படம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.