இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர்?

ஒரு சனிக்கிழமை. இன்னும் சரியாக விடியவில்லை. போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகிற சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது முந்தல். அங்கே ஒரு டீக்கடை. கடை வாசலில் இரண்டு கார்கள். ஒவ்வொரு காரின் முதுகிலும் இரண்டு சைக்கிள்கள். மதுரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் காரில் சைக்கிளைச் சுமந்து வந்து, அதை இறக்கிப் போடிமெட்டு வரை மிதிக்கப் போகிறார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சில் பலம் இருக்கிறவர்களால்தான் முடியும்.

பக்கத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக மலை ஏறிக்கொண்டிருந்தன. டீ வந்தது. பேச்சும் ஆரம்பித்தது.

‘‘இந்த வாரம் எத்தனை?’’

‘‘நூத்தி எண்பது. உனக்கு?’’

‘‘இருநூத்தி இருபது.’’

மூன்றாவது ஆள் மாதப் பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். ‘‘ஊர்ல ஒரு கல்யாணம். தொண்ணூறுதான் ஆச்சு.’’

நானும் சைக்கிள் ஓட்டுகிறவன்தான். என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது. அறுபது. யாரும் கேட்காததால் தப்பித்தேன்.

அன்றைக்கு மதியம் ராசிங்காபுரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நண்பரின் சொந்தக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பழைய பெரிய சைக்கிள். கேரியரில் சைக்கிளையே மறைக்கிற அளவுக்குச் சோளத்தட்டைக் கட்டு. காலையில் கேட்ட கேள்வி காதிலேயே இருந்ததால், அவரிடமும் கேட்டு வைத்தேன்.

‘‘ஐயா, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவீங்க?’’

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ‘‘சைக்கிள் ஓட்டுறதா? நான் எங்க தம்பி ஓட்டுறேன்? தோட்டத்துக்குல்ல போயிட்டு வர்றேன்!’’

கணக்கை நாங்களே போட்டோம். வீட்டிலிருந்து தோட்டம் நாலு கிலோமீட்டர். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ஒரு நாளைக்குப் பதினாறு. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஆக வாரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. அரவை மில், ரேஷன் கடை, நல்லது கெட்டது எல்லாம் தனி. திரும்பும்போது பின்னால் தீவனக் கட்டு. ஆடி மாதம் மலையிலிருந்து இறங்குகிற காற்று முகத்தில் அறையும்போது, பாதி வழி இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கியர் கிடையாது. ஹெல்மெட் கிடையாது. கிலோமீட்டரைக் குறித்துவைக்கிற கடிகாரமும் கிடையாது.

காலையில் பார்த்த மூன்றாவது ஆளை இவர் சுலபமாகத் தோற்கடித்துவிட்டார். ஆனால், அவருக்கே அது தெரியாது. நம்மிலும் யாரும் அவரை ‘சைக்கிளிஸ்ட்’ என்று சொல்வதில்லை. அவர் ‘சைக்கிள்ல வர்ற ஆள்’. அவ்வளவுதான்!

என் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

*

முதலில் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்கும் ஆரோக்கியத்துக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை. அவசரமில்லாமல், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 150 நிமிடத்துக்கு 37 கிலோமீட்டர் சொச்சம். 300 நிமிடத்துக்கு 75. ஆக, உடம்புக்கு வேண்டியது வாரத்துக்கு நாற்பதிலிருந்து எழுபத்தைந்து. நாளொன்றுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓட்டினாலே ஆரம்ப எல்லையைத் தாண்டிவிடலாம். சைக்கிளில் ஊறிய நெதர்லாந்திலேயே, குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவருக்கு வாரத்துக்குச் சுமார் இருபது கிலோமீட்டர்தான் வரும். உலகமே அவர்களைத்தான் சைக்கிள் தேசம் என்கிறது.

அதற்கு மேல் ஓட்டுவது ஆசைக்கு. ஆசை தப்பில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு, பரிசுப் பணம் எதுவும் இல்லாமல், தூக்கம் கெட்டு ஓட்டுகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை பிரான்ஸ் போய் 1,200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என் சலாம்.

என் கோபம் தூரத்தின் மீது இல்லை. அந்தத் தூரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான். வாரத்துக்கு இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிற மனிதர், தெருமுனைக் கடையில் கறிவேப்பிலை வாங்க ஸ்கூட்டரை எடுக்கிறார். ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் குழந்தையைக் காரில் கொண்டுபோய் விடுகிறார். ஆபீசுக்குக் கார். ஜிம்முக்குக் கார். சைக்கிள் ஓட்டப் போவதற்கும் கார்! வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரு வேலையும் முடிக்காமல், அதே வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு மட்டும் சைக்கிள்.

யாரோ ஒருவரைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கறிவேப்பிலைக்கு வண்டி எடுத்தது நான்தான். அறுபது கிலோமீட்டர் கணக்கு வைத்திருந்த அதே வாரத்தில். ஏன் என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். நேரமா? சைக்கிளில் போனால் இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். களைப்பா? இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேட்டியைக் கட்டிக்கொண்டு, கையில் மஞ்சப்பையோடு சைக்கிளில் போனால் ‘பாவம், என்ன கஷ்டமோ’ என்று நினைப்பார்கள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போனால் ‘அடேயப்பா!’ என்பார்கள். ஒரே மனிதன், ஒரே சைக்கிள். நமக்கு சைக்கிள் பிடித்திருக்கிறது. ஏழை மாதிரித் தெரிவதுதான் பிடிக்கவில்லை.

*

இந்த மண்ணில் சைக்கிள் வெறும் உடற்பயிற்சிக் கருவியாக இருந்ததே இல்லை. தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில், ஆதிக்க சாதித் தெருவுக்குள் தலித்துகள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை இருந்தது. சீட்டில் உட்காரும் உரிமைக்கே சண்டை போட வேண்டியிருந்த ஊர் இது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் என்ன நடந்தது? அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். குவாரித் தொழிலாளிகளும், விவசாயக் கூலிகளும், கிராமத்து நர்சுகளுமாக லட்சம் பெண்கள் அளவுக்கு சைக்கிள் பழகினார்கள். அதைப் பற்றிப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியதில் ஒரு தகவல் என்னால் மறக்க முடியாதது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பினார்கள். காரணம், முன்னால் இருக்கும் பாரில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம்! பஸ்ஸுக்காகவும், கூட்டிப்போகும் ஆம்பிளைக்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமானது. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர்களும் எழுதி வைக்கவில்லை.

2001-ல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவிகள் எல்லோருக்கும் அது விரிந்தது. ஆட்சி மாறினாலும் திட்டம் நிற்கவில்லை. நல்ல விஷயம். ஆனால், அந்தச் சைக்கிளை ஓட்ட ரோட்டில் ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று எந்த ஆட்சிக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

ராசிங்காபுரத்துப் பெரியவர் சொன்னது இது: ‘‘முன்ன ரோடு குண்டும் குழியுமா கெடந்துச்சு. வண்டிக மெதுவா வரும். ரோடு நல்லாப் போட்ட பெறகுதான் தம்பி பயமே.’’ போன வருடம் பின்னால் வந்த ஒரு வண்டி ஹாரன் அடித்து நெருக்கியதில், ஓரத்தில் இறங்கிச் சரிந்து விழுந்திருக்கிறார். தோள்பட்டை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. கேஸ் கொடுத்தீர்களா என்றேன். சிரித்தார்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். இவர்களில் எத்தனை பேர் பொழுதுபோக்குக்குப் போனவர்கள், எத்தனை பேர் பொழைப்புக்குப் போனவர்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கொல்கத்தாவில் 2013-ல் போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம்! பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் அபராதம் கட்டினார்கள். சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை நிறைவேற்றியது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவிகிதம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவிலேயே முதல் நகரம் என்று பெருமையாகச் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணா சாலையில் ஒரு பதினோராம் வகுப்புப் பெண்ணை, அரசு கொடுத்த சைக்கிளில் தனியாக அனுப்ப உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

*

‘அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓட்டுகிறோம். எங்கள் மேல் ஏன் பாய்கிறீர்கள்?’ என்று வாரக்கடைசி நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஏன் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? எட்டு மணிக்கு அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்ட முடியாது என்பதால்தானே? உங்களுக்கு ஐந்து மணி என்று ஒரு வழி இருக்கிறது. பெரியவருக்கு இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணைக் கூச, தீவனக் கட்டோடு அவர் அதே ரோட்டில்தான் வந்தாக வேண்டும். ரோட்டின் ஆபத்து உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நீங்கள் பேசினால் கலெக்டர் ஆபீசில் நாற்காலி போடுவார்கள். நிருபர் வருவார். போட்டோ வரும். அவர் பேசினால்? உங்களிடம் இருக்கிற அந்தக் குரலை வைத்துக்கொண்டு, நீங்கள் வாரா வாரம் கிலோமீட்டரை மட்டும் அறிவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுதான் என் குற்றச்சாட்டு.

சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அதே நாளில் சின்னக் கார்களுக்கும் மோட்டார் பைக்குகளுக்கும் வரி குறைந்தது. சைக்கிள் மலிவானது, அதை ஓரத்துக்குத் தள்ளுகிற வண்டிகளும் மலிவாயின. ரோட்டின் அகலம் மட்டும் அப்படியே!

கணக்கு வைப்பதை விட வேண்டாம். கணக்கை மாற்றுங்கள். இந்த வாரம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்குப் பதிலாக, இந்த வாரம் பெட்ரோல் வண்டியை எத்தனை தடவை எடுக்காமல் இருந்தேன் என்று எண்ணுங்கள். பால் வாங்க ஒரு தடவை, ரயிலடிக்கு ஒரு தடவை, பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வர ஒரு தடவை. வாரத்துக்குப் பத்து தடவை இப்படிப் போய் வந்தால், உலக சுகாதார நிறுவனம் சொன்ன நாற்பது கிலோமீட்டர் தானாகவே வந்துவிடும். மிச்ச ஆசைக்குப் போடிமெட்டு எங்கேயும் ஓடிப்போகாது. மதுரையிலிருந்து அங்கே போகக் காரும் வேண்டாம். 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. அந்த ரயிலில் சைக்கிளை ஏற்றிப்போக ஒரு பெட்டியில் இடம் கேளுங்கள். உங்களுக்குக் கிடைத்தால் பால்காரருக்கும் கிடைக்கும்.

மாதத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலை எட்டரை மணிக்கு சைக்கிள் ஓட்டுங்கள். சாதாரணச் சட்டையில், ஆபீஸ் நேரத்து நெரிசலில். அன்றைக்கு என்ன பட்டீர்களோ அதை எழுதி அதிகாரிகளுக்குக் கொடுங்கள். அந்த ஒரு நாள் ஐந்து கிலோமீட்டருக்கு, மற்ற நாள் இருநூறை விட மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒரு விஷயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டரைக் கோடிக்கும் அதிகமானவர்கள் சைக்கிளில் போவதாகத் தெரிந்தது. காரில் போகிறவர்களைப் போலப் பல மடங்கு! பெரிய கூட்டம்தான். ஆனால் அந்தக் கேள்வி விவசாயிகளிடமும் விவசாயக் கூலிகளிடமும் கேட்கப்படவில்லை. அவர்களைத் தவிர்த்த மற்ற வேலைக்காரர்களுக்கு மட்டும்தான்.

ஆக, ராசிங்காபுரத்துப் பெரியவர் செல்போன் ஆப்பின் கணக்கிலும் இல்லை, சர்க்கார் கணக்கிலும் இல்லை. நாளைக் காலையிலும் அவர் நாலு கிலோமீட்டர் மிதிப்பார். பின்னால் ஹாரன் அடிப்பது நாமாக இல்லாமல் இருந்தால் சரி.